ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு வரி, திருப்பூருக்கு ஒரு வரி

2025 தீபாவளிக்கு முந்தின வாரம் திருப்பூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மச்சான் வைத்திருப்பது 18 மெஷின் யூனிட். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு ஜாப் ஒர்க், பேக்கிங் வரை இவர்களே செய்து கொடுப்பார்கள். மற்ற வருடங்களில் அந்த வாரம் ஒன்றரை ஷிப்ட் ஓடும். ஓவர்லாக் சத்தத்தில் போன் பேச முடியாது. இந்த முறை ஆறு மெஷின்தான் ஓடியது. மூலையில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். குழந்தைகள் டி-சர்ட். கழுத்தில் அமெரிக்கக் கடையின் லேபிள், பக்கத்தில் டாலரில் விலை அச்சடித்த அட்டை.

"பையர் நிறுத்தி வைன்னுட்டான் மாப்ள. லேபிளை வெட்டிக் காதர்பேட்டைல தள்ள வேண்டியதுதான்" என்றார். காதர்பேட்டை திருப்பூரின் உள்ளூர் பனியன் சந்தை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 சதவீதம். ஆயத்த ஆடைக்கு முன்பே இருந்த வரி அதில் சேராது, அது தனி. அப்போது வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20தான், பாகிஸ்தானுக்கு 19. பீஸுக்கு இரண்டு ரூபாய் வித்தியாசத்தில் ஆர்டர் கைமாறும் தொழில் இது. 30 சதவீதத்தை எங்கே போய்ப் பிடிப்பது? அந்த ஐம்பதில் பாதி, இந்தியா ரஷ்யாவிடம் கச்சா எண்ணெய் வாங்கியதற்கான தண்டனை. மச்சான் வாங்குவது தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய் மட்டும்தான்.

அந்தத் தண்டனை வரிக்கு டிரம்ப் கையெழுத்துப் போட்டது 2025 ஆகஸ்ட் 6. அதே நாளில் அதே வெள்ளை மாளிகையில் ஆப்பிளின் டிம் குக் அவருக்கு ஒரு பரிசு கொடுத்தார்: வட்டமான கண்ணாடி, அதற்கு 24 காரட் தங்கத்தில் பீடம். கூடவே அமெரிக்காவில் இன்னும் 10,000 கோடி டாலர் முதலீடு செய்வதாக அறிவிப்பு. செமிகண்டக்டருக்கு, அதாவது சிப்புக்கு, 100 சதவீத வரி வரப்போகிறது, ஆனால் அமெரிக்காவில் தொழிற்சாலை கட்டும் கம்பெனிகளுக்குக் கிடையாது என்று டிரம்ப் அங்கேயே சொன்னார். ஆப்பிள் பங்கு அன்று 5 சதவீதம் ஏறியது.

இத்தனைக்கும் மே மாதம் தோஹாவில், "நீங்கள் இந்தியாவில் கட்டுவதை நான் விரும்பவில்லை" என்று குக்கிடம் சொன்னதாக டிரம்பே பேசியிருந்தார். ஆனாலும் ஸ்ரீபெரும்புதூரில் அசெம்பிள் ஆகும் ஐபோன் அப்போதும் இந்தக் கூடுதல் வரி இல்லாமல்தான் போனது. ஏப்ரலிலேயே ஸ்மார்ட்போனுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். அதற்கும் முன்னால், வரி வருமோ என்ற பயத்தில், சென்னையிலிருந்து தனிச் சரக்கு விமானங்களில் சுமார் 600 டன் ஐபோன் பறந்தது. மச்சானின் பெட்டி தூத்துக்குடி வரைக்கும்கூடப் போகவில்லை.

குக் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். வரி என்றால் பொருளைப் பார்த்துப் போடுவது என்று நான் படித்திருக்கிறேன். இப்போது ஆளைப் பார்த்துப் போடுகிறார்கள். விலை ஏறும் என்று வால்மார்ட் சொன்னதும், வரியை நீங்களே விழுங்குங்கள் என்று டிரம்ப் அதட்டினார். வரியால் எவ்வளவு விலை கூடியது என்று அமேசான் தன் தளத்தில் காட்டப்போவதாகச் செய்தி வந்ததும், அதை விரோதச் செயல் என்றது வெள்ளை மாளிகை. அப்படி ஒரு முடிவே எடுக்கவில்லை என்று அமேசான் அன்றைக்கே பின்வாங்கியது. அவ்வளவு பெரிய கம்பெனிகளே வாயைப் பொத்திக்கொள்ளும்போது பதினெட்டு மெஷின்காரர் யாரிடம் போய்ப் பேசுவார்?

பங்குச்சந்தை இதற்குப் பழகிவிட்டது. ஏப்ரலில் வரி அறிவிப்பு வந்ததும் இரண்டே நாளில் அமெரிக்கப் பங்குக் குறியீடான எஸ் அண்ட் பி 500 பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்தது. வரிக்கு 90 நாள் தள்ளிவைப்பு என்றதும் ஒரே நாளில் 9.5 சதவீதம் ஏறியது. திரையில் அப்படி ஏறி இறங்கலாம். திருப்பூரில் ஊருக்குப் போன ஒடிசா டெய்லர் மறுநாள் காலையில் திரும்பி வந்துவிட மாட்டார்.

நம் அரசு பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியைத் தற்காலிகமாக நீக்கியது. சரி, நல்லதுதான். ஆனால் அந்த லாபம் நூல் விலையில் இறங்கி, எக்ஸ்போர்ட்டரைத் தாண்டி, தையல் கூலிக்கு வருமா? பையர் தள்ளுபடி கேட்டது மட்டும் ஒரே வாரத்தில் மச்சான் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது: பீஸுக்கு ஒன்றரை ரூபாய் குறைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். பழைய பில் இரண்டு இன்னும் பாக்கி.

போனஸை மட்டும் அவர் குறைக்கவில்லை. கவரில் போட்டுப் பேர் எழுதி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தார். சாயங்காலம் அக்கா காபி கொண்டுவந்து வைத்தபோது கையில் கண்ணாடி வளையல்தான் இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை.