தையல் இயந்திரம் மட்டும் போதும் என்பவர்களுக்கு

பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் குடும்ப வன்முறை ஆலோசனையும் தரும் ஓர் அறக்கட்டளை ஞாயிற்றுக்கிழமை நடத்திய தையல் இயந்திரம் வழங்கும் விழாவின் காணொளியை நீங்கள் பெரும்பாலும் பார்த்திருப்பீர்கள் என்பதால் அதை முழுவதும் விவரிக்கப் போவதில்லை. நன்கொடை அளித்த நிறுவனத்தின் சார்பில் பேசியவர், தொழிற்பயிற்சிக்கு எவ்வளவு வேண்டுமானாலும் தருவோம், ஆனால் இந்தக் குடும்ப வன்முறை, கவுன்சிலிங் எல்லாம் வேண்டாம், அது குடும்பத்தைப் பிரிக்கிற வேலை என்றார். அரங்கம் கைதட்டியது. அவர் சொன்னதைவிட, அந்த அறக்கட்டளையை நடத்துகிறவர்களும் சேர்ந்து கைதட்டியதுதான் என்னை இதை எழுத வைக்கிறது.

ஒரு பெண்ணுக்குச் சம்பாதிக்கக் கற்றுக்கொடுப்பதும், சம்பாதித்த காரணத்துக்காக அவள் அடிவாங்காமல் பார்த்துக்கொள்வதும் ஒரே வேலை. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது நிற்காது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

அந்த அறக்கட்டளையில் சனிக்கிழமைகளில் கணக்கு வகுப்பு எடுக்கிறேன். ஒரு ரவிக்கைக்கு நூல், லைனிங், கொக்கி, மின்சாரம், தைப்பவரின் கூலி என எல்லாவற்றையும் கூட்டி விலை வைப்பது எப்படி என்பதுதான் பாடம். (பின்வருவதில் யாரையும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஒரு நாள் மாணவி ஒருவர், "லாபம்னு ஒரு கட்டம் போட்டிருக்கீங்களேக்கா, அதை மட்டும் எழுதாம விட்டுடலாமா?" என்று கேட்டார். அந்த நோட்டை வீட்டில் ஒருவர் தினமும் எடுத்துப் பார்ப்பாராம். லாபத்தை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டேன். "லைனிங் துணியா வாங்கி அடுக்கி வெச்சிடுவேன்க்கா. பணமா இருந்தா போயிடும். துணியை யாரும் கடையில கொடுத்துக் குடிக்க முடியாதில்ல" என்றார். வெள்ளை, சந்தனம், மெரூன் என்று நிறவாரியாக மடித்து வைத்திருந்த அந்தத் துணிகள்தான் அவருடைய சேமிப்புக் கணக்கு. இவருக்கு நான் சொல்லிக்கொடுக்கும் வரவு செலவுப் பாடம் மட்டும் போதுமா?

அதே பெண்ணுக்குத் தீபாவளி நேரத்தில் கைநிறைய ஆர்டர் வந்திருந்தது. ஓர் இரவு பாபின் கேஸ் காணாமல் போனது. உள்ளங்கையில் அடங்கும் சிறிய இரும்புத் துண்டுதான், ஆனால் அது இல்லாமல் இயந்திரத்தில் ஒரு தையல்கூட விழாது. எடுத்து ஒளித்தவர் யார் என்று அவருக்குத் தெரியும். கேட்டதற்குக் கிடைத்த அடியின் தடம் அடுத்த நாள் எங்களுக்கும் தெரிந்தது. நான் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு நின்றேன். அவரைத் தனியாக அழைத்துப் பேசி, மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, குடும்ப வன்முறைப் புகார்களைக் கவனிக்கும் அரசின் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்க வைத்தவர் அறக்கட்டளையின் ஆலோசகர். அந்த ஆலோசகரின் சம்பளத்தைத்தான் இப்போது வீண் செலவு என்கிறார்கள்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தை இந்த மேடைப் பேச்சாளர்கள் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். அது அடியையும் உதையையும் மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. பெண்ணின் பணத்தையும் சொத்தையும் பறிப்பதைப் பொருளாதார வன்முறை என்று மூன்றாம் பிரிவிலேயே சேர்த்திருக்கிறது. அவள் வேலை செய்யும் இடத்துக்குள் எதிராளி நுழையக் கூடாது, நீதிமன்ற அனுமதியின்றி வங்கிக் கணக்கையோ லாக்கரையோ இயக்கக் கூடாது என்றெல்லாம் 18ஆம் பிரிவின்கீழ் நீதித்துறை நடுவர் உத்தரவிட முடியும். தொழிலையும் பாதுகாப்பையும் சட்டமே ஒன்றாக வைத்துப் பார்க்கிறது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை இதற்கெல்லாம் செலவிட முடியாது என்று நேற்று ஒருவர் எனக்கு விளக்கம் எழுதியிருந்தார். அந்த நிதியை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று சொல்லும் 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பாலினச் சமத்துவம், பெண்களை அதிகாரப்படுத்துதல், பெண்களுக்கான இல்லங்கள் அமைத்தல் ஆகியவை வெளிப்படையாகவே இருக்கின்றன. சட்டம் தடுக்கவில்லை. மனம் இல்லை, அவ்வளவுதான்.

"பயிற்சியை ஓர் அமைப்பும் ஆலோசனையை வேறோர் அமைப்பும் செய்யட்டுமே" என்பவர்களின் கேள்வியை மட்டும் நான் மதிக்கிறேன், ஏனென்றால் கேட்பதற்கு அது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் அடிவாங்கும் ஒரு பெண், "நான் குடும்ப வன்முறை ஆலோசனை மையத்துக்குப் போய்விட்டு வருகிறேன்" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் புறப்பட முடியுமா? "தையல் வகுப்புக்குப் போகிறேன்" என்றால் முடியும். வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக மாவட்டந்தோறும் அரசின் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது என்பது உண்மைதான். அதன் வாசலில் தன்னை யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயமும் உண்மை. தையல் வகுப்புக்கு வந்து, பல வாரம் கழித்து, பக்கத்து அறையில் இருப்பவரிடம் வாய்திறக்கிறாள். அந்த அறையை மூடிவிட்டு வேறோர் ஊரின் முகவரியைக் கையில் கொடுத்தால் அவள் போகவே மாட்டாள்.

குடும்பத்தைப் பிரிக்கிறோமாம். 2019-21 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை வீடுகளிலும் ஆலோசகர் போய்ச் சண்டை மூட்டிவிட்டாரா? எங்களிடம் வருகிறவர்களில் பலர் கேட்பது விவாகரத்தே அல்ல, "அடிக்காம இருந்தா போதும்க்கா" என்பதுதான். பொய் வழக்குப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு ஒன்று: குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் முதலில் கிடைப்பது பாதுகாப்பு உத்தரவு, அதை மீறினால்தான் 31ஆம் பிரிவின்படி தண்டனை. ஆண்களும் பாதிக்கப்படுகிறார்களே என்பவர்கள் அவர்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கட்டும், நானே வந்து கணக்குச் சொல்லித் தருகிறேன்.

இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னையில், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் பி.சி.வி.சி. என்ற அமைப்பின் ஆதரவில் தீக்காயங்களிலிருந்து மீண்ட பெண்கள் பேக்கரித் தொழில் பயின்று ரைட்டர்ஸ் கஃபே என்ற உணவகத்தில் வேலை செய்தார்கள். அவர்கள் தீக்காயத்தோடு வந்ததற்கான காரணத்தைக் கேட்காமல் கேக் செய்ய மட்டும் சொல்லிக்கொடுத்திருக்க முடியுமா?

என் அத்தையைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. மாவரைத்து விற்று மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். தெருவே அவரைக் கெட்டிக்காரி என்று புகழ்ந்தது. சித்திரை வெயிலிலும் முழங்கை தாண்டிய ரவிக்கை ஏன் போடுகிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. சீட்டு எடுத்த அன்றே பணம் மாமாவின் கைக்குப் போய்விடும். கொடுக்காத மாதம் அடி. அத்தைக்குத் தொழில் தெரியாமல் இல்லை. கிரைண்டர் இருந்தது, வாடிக்கை இருந்தது, கணக்கெல்லாம் மனத்திலேயே இருந்தது. போய்ச் சொல்ல ஓர் ஆள்தான் இல்லை. சொந்தக்காரர்களிடம் சொன்னபோது, "நீதான் சம்பாதிக்கிறியே, உனக்கென்ன குறை" என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மேடையிலிருந்து என் காதில் விழுந்ததும் அதே பேச்சுதான், இந்த முறை மைக் வைத்துச் சொன்னார்கள், அவ்வளவே வேறுபாடு.

அன்று இயந்திரம் வாங்க வரிசையில் நின்ற பெண்களில் சிலர், அதே வாரத்தில் ஆலோசகர் அறையில் உட்கார்ந்து அழுதவர்கள். அவர்களும் அந்தப் பேச்சைக் கேட்டார்கள், அந்தக் கைதட்டலையும் கேட்டார்கள். இனி அவர்கள் அந்த அறைக்குள் எந்த நம்பிக்கையில் வருவார்கள் என்பதை நிர்வாகம் எனக்குச் சொல்லட்டும்.

மாத இறுதியில் அறங்காவலர் கூட்டம் இருக்கிறது. ஆலோசகர் பணியிடத்தை நீக்கும் தீர்மானம் வந்தால் நான் எதிர்த்துப் பேசுவேன், நிறைவேறினால் கணக்கு வகுப்பையும் விட்டுவிடுவேன். அந்த அறக்கட்டளைக்கு நன்கொடை தரும் நண்பர்கள், தங்கள் பணத்தை ஆலோசகரின் சம்பளத்துக்கும் பயன்படுத்தலாம் என்று கூட்டத்துக்கு முன்பே ஒரு வரி எழுதிக் கொடுங்கள். இதைப் படிக்கும் பெண்களில் யாருக்கேனும் உதவி தேவைப்பட்டால் 181 என்ற எண்ணை அழையுங்கள்; எந்த நேரத்திலும் அழைக்கலாம்.