சாப விமோசனம் இல்லாத கவந்தர்கள்

ரிக் யான்சி எழுதி 2009-இல் வெளிவந்த ‘தி மான்ஸ்ட்ரமாலஜிஸ்ட்’ என்ற இளையோர் திகில் நாவலை அண்மையில் படித்து முடித்தேன். கம்பன் பாடல்களைச் சொல்லித் தோல்பாவைக்கூத்து நடத்தும் கோயில் காவுகள் நிறைந்த பாலக்காட்டுச் சீமையில் வளர்ந்த எனக்கு, அதில் வரும் கொடிய உயிரினம் பழகிய முகமாகவே தெரிந்தது. அதற்கு முகமே கிடையாது என்பது வேறு விஷயம்.

கதை 1888-இல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடக்கிறது. கொடிய உயிரினங்களை ஆராயும் டாக்டர் வார்த்ராப்பின் வீட்டுக்கு, கல்லறைத் திருடன் ஒருவன் நள்ளிரவில் ஓர் இளம்பெண்ணின் சடலத்தைக் கொண்டுவருகிறான். அதைத் தின்னத் தொடங்கி, அவள் அணிந்திருந்த முத்துமாலை தொண்டையில் சிக்கிச் செத்த ஆந்த்ரோபோஃபகஸ் என்னும் மனிதர்களைத் தின்னும் உயிரினம் ஒன்றும் அதோடு பிணைந்து கிடக்கிறது. தலை இல்லை, கண்கள் தோளில், வாய் மார்பில். இத்தகைய மனிதர்களைப் பற்றி ரோமானிய அறிஞர் பிளினி முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். நமக்கோ இராமாயணத்தின் ஆரணிய காண்டத்தில் வரும் தலையில்லாத அரக்கன் கவந்தன் இருக்கிறான்.

ஆனால் கவந்தன் சபிக்கப்பட்டவன். தோள்கள் வெட்டுண்டதும் பழைய வடிவம் பெற்று, இராமனுக்கு வழியும் சொல்லிவிட்டுப் போகிறான். எங்கள் பக்கத்துப் பெண்பேயான யட்சியைக்கூட ஆணியடித்து மரத்தில் நிறுத்திவிடலாம் என்றுதான் பாட்டிமார் சொல்வார்கள். யான்சியின் உயிரினத்துக்குச் சாபமும் இல்லை, பரிகாரமும் இல்லை. அதற்கு இருப்பது பசி மட்டுமே. அதன் பற்களையும் இரை தேடும் முறையையும் டாக்டர் வார்த்ராப் விலங்கியல் பாடம்போல விளக்க விளக்க, நம் அச்சம் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது. இந்த நாவலின் ஆகப் பெரிய வெற்றி இதுதான் என்பேன்.

அந்த விளக்கங்களுக்கு விளக்குப் பிடித்து நிற்பவன் வில் ஹென்றி என்னும் 12 வயதுச் சிறுவன். தீவிபத்தில் தாய் தந்தையரை இழந்த அவனுக்கு, தந்தை வேலை பார்த்த அதே டாக்டரைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. உண்ணவும் உறங்கவும் மறந்து ஆராய்ச்சியில் மூழ்கிக் கிடக்கும் அந்த மனிதருக்குச் சமைத்துப்போட்டு, ஏச்சும் வாங்கிக்கொண்டு, அவருக்குத் தான் இன்றியமையாதவன் என்பதையே அன்பாக எடுத்துக்கொள்கிறான் அவன். அவனுடைய அந்த ஏக்கத்தை ஆசிரியர் எங்கும் வெளிச்சம் போட்டுக் காட்டாததால், வெட்டும் குத்தும் நிறைந்த பக்கங்களைவிட அதுவே என்னை அதிகம் வருத்தியது.

குறைகளும் உண்டு. மனநல விடுதியில் புழு வைத்த உடலோடு கிடக்கும் கப்பல் தலைவனின் பகுதி தேவைக்கு மேல் நீள்கிறது. அருவருப்பைத் திகிலென்று ஆசிரியர் எண்ணிவிட்ட இடம் அது. பெண்களோ பெரும்பாலும் பிணங்களாகவே வருகிறார்கள். வேட்டைக்காரன் கெர்ன்ஸ் உயிருள்ள ஒரு பெண்ணையே இரையாகக் கட்டிவைக்கும் கட்டத்தில் கதை துணிந்து ஓர் அறக்கேள்வியை எழுப்புகிறது. ஆயினும் அந்தப் பெண்ணுக்கென்று ஓர் ஆளுமை கொடுக்க அது மெனக்கெடவில்லை.

இதைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், ஆங்கில நடை கொஞ்சம் பழையது என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு வேண்டாம். சிற்றூரில் பிளஸ் டூ படிக்கும் என் அக்கா மகள், புழுப் பகுதியைத் தள்ளிவிட்டு மற்றதையெல்லாம் படித்து முடித்து, இப்போது இரண்டாம் பாகத்தைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருக்கிறாள்.