விழுந்தால் பூட்ஸ் ஸ்கீயிலிருந்து தானாகக் கழன்றுவிடுமா?

"கிராஸ் கன்ட்ரி ஸ்கீயில் (பெரும்பாலும் சமமான பனியில் சறுக்கி நடப்பது) விழுந்தால் பைண்டிங் (பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பிடி) தானாகத் திறந்துவிடும், வயதானவர்களுக்குப் பயமில்லை" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. இதை நம்பி முழங்காலைப் பணயம் வைக்காதீர்கள்.

அப்படித் திறப்பது மலைச்சரிவில் இறங்கும் ஆல்பைன் ஸ்கீயின் பைண்டிங். வழக்கமான கிராஸ் கன்ட்ரி பைண்டிங்கில் பூட்ஸின் முன்நுனி மட்டும் மாட்டியிருக்கும், குதிகால் எழும்பும். விழும்போது நுனியைக் கழற்றிவிடும் அமைப்பு அதில் இல்லை. 'ஆட்டோமேட்டிக்' என்ற பெயர்தான் குழப்புகிறது: மிதித்தால் மாட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். கழற்ற, கைக்கோலின் முனையால் அழுத்த வேண்டும். குனிய முடியாத முதுகுக்கு அது பெரிய உதவி, சரி. பாதுகாப்பு வேறு விஷயம். தடுமாற்றம் இருந்தால் கணுக்காலைத் தாங்கும் உயரமான பூட்ஸும் சற்று அகலமான ஸ்கீயும் பாருங்கள்.

அப்புறம், பூட்ஸும் பைண்டிங்கும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்: என்என்என் என்ற வகை பூட்ஸ் புரோலிங்க், டர்னமிக் என்ற வகை பைண்டிங்குகளில் மாட்டும். பழைய எஸ்என்எஸ் வகை பைண்டிங்கில் மாட்டாது.