சண்டை நடக்கும்போதாவது வாயை மூடுங்கள்

சத்துவாச்சாரியில் எங்கள் செட்டோடு உட்கார்ந்து ‘ஓங் பாக் 2’ என்ற தாய்லாந்து சண்டைப் படம் பார்ப்பது பெரிய கொடுமை. படத்தில் குறை இல்லை என்று நான் சொல்லவே இல்லை. 2003-ல் வந்த முதல் பாகம் இந்தக் காலத்துக் கதை. 2008-ல் வந்த இது 15-ஆம் நூற்றாண்டுக்குப் போய்விடுகிறது, இரண்டுக்கும் ஒட்டே இல்லை. முடிவும் அந்தரத்தில் நிற்கிறது, மிச்சத்துக்கு 2010-ல் வந்த மூன்றாம் பாகத்தைத்தான் பார்க்க வேண்டும். சரி, திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

ஆனால் ஹீரோ டோனி ஜா யானைக் கூட்டத்தின் முதுகுகள் மேல் ஓடும்போது ஒருத்தன் போனை நோண்டிக்கொண்டே “கிராபிக்ஸ் மச்சி” என்கிறான். வயிறு எரிகிறது! கடைசிச் சண்டையில் வாள், கயிறு, கம்பு என்று மனுஷன் ஆயுதம் மாற்றி மாற்றி அடிக்கிறார். ஆயுதம் மாறினால் காலை வைக்கும் விதமே மாறுகிறது. அந்த நேரம் பார்த்து இன்னொருத்தன், “இதில் கதை எங்கடா?” என்று ஓட்டி விடுகிறான். கதை இல்லைதான்டா. அந்த உடம்பு படும் பாட்டையாவது பார்க்கக் கூடாதா?