இருபது அடி பைப்பும் ஒரு மஞ்சப்பையும்

என் ஸ்கூட்டிக்கு இப்போது வலதுபக்கக் கண்ணாடி இல்லை. கம்பி மட்டும் ஒற்றைக் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் ‘எங்க விழுந்தீங்க?’ என்று கேட்கிறார்கள். நான் எங்கேயும் விழவில்லை. விழாமல் தப்பித்ததுதான் கதை. ஒரு வாரமாக நெஞ்சிலேயே வைத்திருந்து பார்த்துவிட்டேன், தாங்கவில்லை, இங்கே கொட்டுகிறேன்.

செவ்வாய்க்கிழமை. காரிமங்கலத்தில் சந்தை நாள். அன்றைக்கு மட்டும் வேலைக்கு அரைமணி நேரம் முன்னாலேயே கிளம்பிவிடுவேன். ஆட்டுக்கும் மாட்டுக்கும் மூட்டைக்கும் வழிவிட்டு ஊரைத் தாண்டி கிருஷ்ணகிரி ரோட்டைப் பிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். எனக்கு முன்னால் ஒரு ஸ்பிளெண்டர் போனது. ஓட்டுபவருக்குப் பின்னால் ஒரு பையன். பையனின் தோளில் ஆறு பிவிசி பைப். ஒவ்வொன்றும் 20 அடி. வண்டியின் நீளமே ஆறரை அடிதான். முன்னால் கொஞ்சம், பின்னால் நிறைய என்று பைப் ஒரு ஏரோப்பிளேன் மாதிரி நீண்டிருந்தது. பின்நுனியில் எச்சரிக்கைக்கு ஒரு துணி. சிவப்புத் துணி என்று நினைத்தீர்களா? மஞ்சப்பை. யார் வீட்டுக் கல்யாணத்திலோ தேங்காயும் வெற்றிலைபாக்கும் போட்டுக் கொடுத்த தாம்பூலப் பை. மணமகன், மணமகள் பெயரைக்கூட என்னால் படிக்க முடிந்தது. அவ்வளவு கிட்டத்தில் அது என் முகத்துக்கு வந்தது.

அவர் திடீரென்று வலதுபக்கம் ஒடித்தார். கையும் காட்டவில்லை, இண்டிகேட்டரும் போடவில்லை. வண்டி வலதுபக்கம் திரும்பினால் பைப்பின் வால் இடதுபக்கம் வீசும், இல்லையா? வீசியது. நான் தலையைக் குனிந்தேன். கண்ணாடிக்குக் குனியத் தெரியவில்லை.

நிறுத்தினார்கள். நிறுத்தியதே பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டேன்.

“ஏம்மா, பின்னாடி வர்றவங்கதானே பாத்து வரணும்?”

“அண்ணா, அது பின்னாடி வரல. பக்கத்துல வந்துது.”

“அதான் பை கட்டியிருக்கோம் இல்ல!”

இதற்கு என்ன பதில் சொல்வது? அந்தப் பையன் மட்டும் ‘அடி பட்டுச்சாக்கா?’ என்று கேட்டான். பைப் அழுத்திய இடத்தில் அவனுடைய சட்டை கசங்கி, தோள் சிவந்திருந்தது. அதற்குள் டீக்கடையிலிருந்து நாலு பேர் வந்துவிட்டார்கள். அதில் ஒரு பெரியவர் சொன்னார்: “வுடும்மா. அவங்க பொழப்பு.”

எனக்கு ரத்தம் கொதித்தது அந்த இடத்தில்தான். கண்ணாடி போனதற்கு இல்லை. இந்தப் ‘பொழப்பு’ என்ற ஒரு சொல் இருக்கிறதே, நம் ஊரில் அதைச் சொல்லிவிட்டால் போதும், அதற்கு மேல் யாரும் பேசக்கூடாது. பேசினால் நீ வயிற்றில் அடிக்கிறவள். நான் என்ன கேட்கிறேன் என்றால், யாருடைய பொழப்பு? அந்த 20 அடி பைப் யாருடையது? ஆறு பைப்பை ஒரு பையனின் தோளில் ஏற்றி அனுப்பிய கடைக்காரருக்கு வண்டி வாடகை மிச்சமா இல்லையா? அந்த மிச்சம் அந்தப் பையனுக்கா போகிறது?

நான் கிருஷ்ணகிரியில் ஒரு சின்ன இடத்தில் கணக்கு எழுதுகிறவள். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டி வாடகை என்று தினமும் பத்தி போட்டு எழுதிக் கைவந்த பழக்கம். அதனாலோ என்னவோ, ரோட்டில் இப்படி ஒரு வண்டியைப் பார்த்தால் எனக்கு மூட்டை தெரிவதில்லை, எழுதப்படாத அந்த வாடகைப் பத்திதான் தெரிகிறது.

தண்ணீர் கேனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கேன் 20 லிட்டர். அதாவது 20 கிலோ, கேனின் எடை தனி. எங்கள் அலுவலகத்துக்குப் போடும் தம்பி டிவிஎஸ் எக்ஸெல் மொபெட்டில் எட்டு கேன் கொண்டுவருகிறான். பின்னால் வெல்டிங் வைத்த கம்பிக் கூண்டில் நாலு, இரண்டு பக்கக் கொக்கியிலும் ஒவ்வொன்று, முன்னால் கால் வைக்கிற இடத்தில் இரண்டு. 160 கிலோ. அவன் ஒரு 55 கிலோ இருப்பான். வண்டியின் எடையே 90 கிலோவைத் தொடாது. எஞ்சின் 100 சிசிகூட முழுதாக இல்லை, 99.7. தன்னைவிட இரண்டு மடங்குக்கு மேல் பாரத்தை அது சுமக்கிறது. கால் வைக்கும் இடத்தில் கேன் இருப்பதால் அவன் காலை இரண்டு பக்கமும் அகட்டி, தவளை மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு வருவான். பிரேக் பிடிக்க வேண்டுமானால் முதலில் கால் தரையைத் தேடும், பிறகுதான் கை லீவரைத் தேடும்.

அவனுக்கு மாதச் சம்பளம் கிடையாது. கேனுக்கு இவ்வளவு என்று கூலி. பெட்ரோல் அவனுடையது, வண்டி அவனுடையது, டயர் அவனுடையது, போலீஸ் பிடித்தால் அபராதமும் அவனுடையது. கேனும் கம்பெனிப் பெயரும் மட்டும் முதலாளியுடையவை. இதற்குப் பெயர் பொழப்பா? ஒரு குட்டியானை லோடு வண்டியை வாங்கி நிறுத்தி, டிரைவர் போட்டு, டீசல் ஊற்றி, இன்சூரன்ஸ் கட்டி நடத்த வேண்டிய தொழிலை, ஒரு பையனின் முதுகெலும்பில் நடத்துகிறார்கள்.

கண்ணாடி மாற்ற மெக்கானிக்கிடம் போனேன். (அந்தக் கண்ணாடி ‘ஸ்டாக் இல்லக்கா, அடுத்த வாரம் வாங்க’ என்று சொல்லிவிட்டார். அது வேறு கோபம், பிறகு வைத்துக்கொள்கிறேன்.) அங்கே இதே மாதிரி ஒரு எக்ஸெல் பிரித்துப் போட்டுக் கிடந்தது. பின் ஷாக் அப்சர்பரில் எண்ணெய் கசிந்து மண் அப்பியிருந்தது. பின்சக்கரத்தில் மூன்று ஸ்போக் இல்லை. பிரேக் ஷூவைக் கழற்றிக் கையில் கொடுத்தார். தேய்ந்து பப்படம் மாதிரி இருந்தது. ‘இதுக்கு ஹெவி ஸ்பிரிங் போட்டுக் குடுன்னு கேக்குறாங்க. ஸ்பிரிங்கைப் போடலாம், பிரேக்கை எங்க போய் வாங்குறது?’ என்றார். பிறகு பக்கத்தில் நின்ற இன்னொரு வண்டியின் கேரியரை, சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் நுனியில், ஒரு கையால் அழுத்திக் காட்டினார். முன்பக்கம் லேசாக எழும்பியது. ‘பின்னாடி ஏத்த ஏத்த முன்சக்கரம் லேசாகிடும். அப்புறம் ஹேண்டில் திருப்பினாலும் வண்டி திரும்பாது, அது போற போக்குல போகும்.’ ஒரு கை அழுத்தியதற்கே அப்படி.

இதெல்லாம் தண்ணீர் கேனோடு முடிகிற கதையா? சிலிண்டர் வண்டியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் கேஸ் 14.2 கிலோ, இரும்போடு சேர்த்தால் ஒன்று கிட்டத்தட்ட 30. ஆறு சிலிண்டர் கட்டிக்கொண்டு சந்துக்குள் நுழைகிறார்கள். ராயக்கோட்டை ரோட்டில் தக்காளிப் பெட்டி, ஓட்டுபவரின் தலைக்கு மேல் மூன்று பெட்டி உயரத்துக்கு. மாங்காய்க் காலம் வந்தால் சாக்கு சாக்காகக் கிளிமூக்கு. இரண்டு பக்கமும் தலைகீழாகக் கட்டித் தொங்கும் கோழிகள்; அதற்குப் பின்னால் போனால் இறகு வாய்க்குள் போகும். சோளத்தட்டுக் கட்டு ஏற்றிய மொபெட்டைப் பின்னாலிருந்து பார்த்தால் வண்டியும் தெரியாது, ஆளும் தெரியாது, ஒரு தட்டுப்போர் தானாக நகர்ந்து போவது மாதிரி இருக்கும். ராத்திரியில் அதற்கு டெயில் லைட்டும் கிடையாது, தட்டு மூடியிருக்கும். இத்தனையும் ஒழுங்காகவா போகிறது? நாற்பத்துநாலாம் நம்பர் நெடுஞ்சாலையில் யூ டர்ன் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வருவார்கள். ஹாரன் அடித்தால் நம்மை முறைப்பார்கள்.

இன்னொரு கூட்டத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. வாட்ஸப்பில் படம் போடுகிறவர்கள். வியட்நாமில் ஒரு பைக்கில் மீன் தொட்டி, கம்போடியாவில் ஒரு பைக்கில் உயிரோடு பன்றி, இந்தோனேசியாவில் ஒரு பைக்கில் மெத்தை. கீழே ‘திறமைசாலிகள்’ என்று எழுதி நாலு கைதட்டல். எங்கள் குடும்பக் குழுவில் சித்தப்பா ஒருவர் வாரம் ஒன்று போடுவார். சித்தப்பா, அந்த வியட்நாமிலேயே கணக்கு வைத்திருக்கிறார்கள்: பைக்கில் ஏற்றும் பொருள் இரண்டு பக்கமும் 30 சென்டிமீட்டருக்கு மேல் நீட்டக்கூடாது, பின்னால் அரை மீட்டருக்கு மேல் போகக்கூடாது, உயரத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. அங்கேயும் அதை மீறித்தான் ஓட்டுகிறார்கள், நீங்கள் மீறலைத்தான் படம் போடுகிறீர்கள். அந்த ஆளுக்கு அது திறமை இல்லை, வேறு வழி இல்லை. நீங்கள் கைதட்ட அவன் சர்க்கஸ் காட்டவில்லை.

நம்மிடம் சட்டம் இல்லையா? பேஷாக இருக்கிறது. பைக்கில் பெட்டி வைப்பதற்கு 2020-ல் அளவு கொடுத்தார்கள்: 55 சென்டிமீட்டர் நீளம், 51 அகலம், 50 உயரம். பின்சீட்டில் பெட்டி இருந்தால் ஓட்டுபவர் மட்டும்தான் போக வேண்டும். அந்தப் பெட்டிக்குள் இரண்டு தண்ணீர் கேனை நெருக்கி வைத்தாலே நிறைந்துவிடும். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, வண்டியைத் தாண்டி அளவுக்கு மேல் சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம் என்று சேர்த்தார்கள். அதில் ஒரு வரியைப் படித்துவிட்டு நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஓட்டுகிறவர் மட்டும் இல்லை. ஓட்ட வைப்பவர், ஓட்ட அனுமதிப்பவர் மேலும் அந்தக் குற்றம் வரும் என்று இருக்கிறது. ஓட்ட வைப்பவர்! அந்த ஆள் மேல் கேஸ் போட்டதாக நீங்கள் யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நான் கேள்விப்பட்டதில்லை.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு நாற்சந்தியில் என்னை நிறுத்தினார்கள். ஹெல்மெட் போட்டிருந்தேன், பட்டை மாட்டவில்லை. தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். அங்கே நின்று லைசென்ஸ் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது, ஏட்டையாவின் முதுகுக்குப் பின்னால், பழைய சைக்கிள் டியூபால் கட்டிய எட்டு மூட்டையோடு ஒரு எக்ஸெல் ஆடி ஆடிப் போனது. நான் கையைக் காட்டினேன். திரும்பிப் பார்த்தார். “பாவம்மா, பொழப்பு” என்றார். அதே சொல்! லாரிக்கு எடைமேடை இருக்கிறது. தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் எத்தனை டன் ஏற்றியிருந்தார்கள் என்று நாலு நாள் பேசுகிறோம். மொபெட்டை யார் எடை போடுகிறார்கள்? அது சாய்ந்தால் பேப்பரில் மூன்று வரி. ‘நிலைதடுமாறி விழுந்தார்.’ தடுமாற வைத்தது எத்தனை கிலோ என்று அந்த மூன்று வரியில் வராது.

வீட்டில் வந்து இதைப் புலம்பினால் அப்பா சிரிக்கிறார். அவர் டிவிஎஸ் ஃபிப்டி காலத்து ஆள். 1980-ல் நம் ஓசூரிலிருந்து வந்த வண்டி, இரண்டு பேர் உட்கார்ந்து போகலாம் என்று நம் நாட்டில் வந்த முதல் மொபெட். அதைத்தான் அவர் மாட்டுவண்டி மாதிரி ஓட்டினார். மாங்காய் சாக்கு இரண்டு பின்னால், ஒன்று முன்னால், அதற்கு மேல் சில நாள் நான். “அப்பல்லாம் ரோட்ல வண்டியே இல்ல கண்ணு” என்கிறார். அதுவும் உண்மைதான். அப்போது பஸ் மேலே கேரியர் இருந்தது, பின்னால் ஏணி இருந்தது, பெரிய மூட்டை எல்லாம் அதில் ஏறிவிடும். கேரியரும் ஏணியும் போயின, மூட்டை போகவில்லை. அது மொபெட்டுக்கு இறங்கி வந்துவிட்டது. சரி, அப்பா, உங்கள் இடுப்புக்குப் பட்டை கட்டியிருக்கிறீர்களே, அது எந்தக் காலத்து மூட்டை என்று கேட்டேன். டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

நேற்று கேன் தம்பி வந்தான். மாடிப்படியில் இரண்டு இரண்டாகத் தூக்கிவந்து வைத்துவிட்டு மூச்சு வாங்கினான். “தம்பி, நாலு நாலா ரெண்டு தடவை கொண்டுவந்தா என்ன?” என்று கேட்டேன்.

“ரெண்டு ட்ரிப்புக்கு பெட்ரோல் நீங்க தர்றீங்களாக்கா?”

நான் தருவதில்லை. எங்கள் அலுவலகமும் தருவதில்லை. பக்கத்துக் கடையை விட ஐந்து ரூபாய் குறைவு என்றுதான் இந்தக் கம்பெனியைப் பிடித்தோம்; அந்த ஐந்து ரூபாயைச் செலவுப் பத்தியில் குறைத்து எழுதியவளும் நான்தான். அது உறைத்ததாலேயே கோபம் இன்னும் ஏறியது. அங்கேயே நின்று முதலாளிக்குப் போன் போட்டேன். சின்ன வண்டி வைத்து அனுப்புங்கள், வேண்டுமானால் விலையில் இரண்டு ரூபாய் ஏற்றிக்கொள்ளுங்கள், எங்கள் சாரிடம் நான் பேசுகிறேன் என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

“மேடம், நானா எட்டு ஏத்தச் சொன்னேன்? அவனேதான் ஏத்துறான். வேணாம்னா கேக்க மாட்டேங்குறான். பாவம், பொழப்பு இல்லையா?”

எனக்குப் பேச்சு வரவில்லை.

“சரி அதை வுடுங்க மேடம். நாளைக்கு எத்தனை கேன்?”