நன்மாறன்: இரண்டு முறை எம்எல்ஏ, சொந்த வீடு இல்லை

மதுரை கிழக்கில் 2001, 2006 என இரண்டு முறை வென்ற மார்க்சிஸ்ட் கட்சியின் நன்மாறனைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அவரை ‘எளிமையானவர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. பத்து வருஷம் எம்எல்ஏவாக இருந்தவர், மனைவியோடு கலெக்டர் ஆபீஸ் போய் அரசு வீடு கேட்டு மனு கொடுத்தாரே, அதைச் சொல்ல வேண்டாமா? கையில் ஒரு தாளுடன் மற்ற மனுதாரர்களைப் போலவே போனார். 2021 அக்டோபரில் இறந்துபோனார். அப்புறம், மேடையில் நகைச்சுவையாகப் பேசியதால் ‘மேடைக் கலைவாணர்’ என்று பெயர் வாங்கியவர் அவர். அதுவும் கட்டுரையில் இல்லை. எங்கள் ஊரில் அவர் கூட்டமென்றால் எதிர்க்கட்சிக்காரரும் டீ கிளாஸோடு ஓரமாக நின்று கேட்பார்.