பிள்ளைக்கு ஊசிக் கார்ட் இருக்கு, தாய்க்கு?

வன்னியில் பிள்ளைக்கு ஊசி போட நீங்கள் மறந்தாலும் மிட்வைஃப் மிஸ் மறக்க விடமாட்டார். பிறந்த கையோடு ஆஸ்பத்திரியிலேயே காசநோய்க்கான பி.சி.ஜி., பிறகு 2, 4, 6 மாதங்களில் ஐங்கூட்டு ஊசி, 9 மாதத்தில் சின்னமுத்து, ருபெல்லா எல்லாம் தடுக்கும் எம்.எம்.ஆர்., ஒரு வயதில் மூளைக்காய்ச்சல் ஊசி. ஒரு சதம் செலவில்லை. 1993க்குப் பிறகு இலங்கையில் போலியோ இல்லையென்றால், கிரவல் ரோட்டில் ஸ்கூட்டி ஓடும் இந்தப் பெண்களுக்கும் அதில் பங்குண்டு.

என் கவலை வளர்ந்தவர்களைப் பற்றியது. 2005 தொடக்கம் 2008 வரை இங்கே பிறந்த பிள்ளைகள் சின்னமுத்து ஊசி போடவேண்டிய வயதில் இறுதி யுத்தத்தில் கிளிநொச்சியிலிருந்து மாத்தளன் வரை பங்கர் பங்கராக ஓடிக்கொண்டிருந்தார்கள். முகாமுக்கு வந்தபின் ஊசி போட்டார்கள்தான். ஆனால் யாருக்கு எது விடுபட்டது என்று கார்ட் இல்லாமல் எப்படிச் சொல்வது? அடையாள அட்டைக்காகப் பிறப்புச் சான்றிதழை அலைந்து திரிந்து எடுத்தோம். ஊசிக் கார்டை யார் தேடினோம்?

அந்தப் பிள்ளைகள் இப்போது கல்யாணம் கட்டும் வயதில் நிற்கிறார்கள். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு ருபெல்லா வந்தால் பிள்ளையின் கண், காது, இதயம் எல்லாம் பாதிக்கப்படலாம். கர்ப்பமான பிறகு அதைத் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசியைப் போட முடியாது. முன்கூட்டியே போட்டு, கர்ப்பமாக ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும். சின்னமுத்தும் லேசுப்பட்டதல்ல. ஒழித்துவிட்டோம் என்று 2019இல் சான்று வாங்கிய நாட்டில் 2023இல் திரும்பி வந்து, பெரியவர்களையும் பிடித்தது.

ஆம்பிளைகள் கதை வேறு. காலில் ஆணி ஏறினால்தான் ஏற்பு ஊசி ஞாபகம் வரும்!

சரி, போய்ப் போடலாமே என்பீர்கள். கிளினிக் வார நாளில், காலையில். கார்மெண்ட்ஸுக்குப் போகும் பிள்ளை லீவு போட்டால் வரவுக் கொடுப்பனவு போய்விடும். கொரோனா நேரம் பள்ளிக்கூடங்களில் மேசை போட்டு ஊருக்கே ஏற்றியவர்கள்தானே நாங்கள்? மாதத்தில் ஒரு சனிக்கிழமை பெரியவர்களுக்கென்று திறப்பது அவ்வளவு பெரிய காரியமா? ஒரே மிட்வைஃபின் தலையில் நாலைந்து கிராமத்தைக் கட்டிவிட்டு இதையும் சுமத்தச் சொல்லவில்லை, ஆள் போட்டுத்தான் செய்யவேண்டும்.

கல்யாணம் நிச்சயமான தங்கச்சிமார் அதுவரை காத்திருக்காமல் உங்கள் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில் கேளுங்கள். கார்ட் இல்லாத ஒருவரை ஊசி போடாதவராகவே கணக்கெடுப்பதுதான் முறை, முன்பு போட்டிருந்தாலும் இன்னொருமுறை போடுவதால் கெடுதல் இல்லை. கார்ட் இல்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால் கீழே எழுதுங்கள், சேர்ந்து போய்க் கேட்போம்.